பழைய மோட்டார் ஏன் நின்னுச்சு?

இந்த எபிசோட்ல கோடிங் இல்லை, ஏ.ஐ. இல்லை. ஒரு படகு மோட்டார் மட்டும்தான்.

மூணு மாசம் முன்னாடி வேடந்தாங்கல்ல பறவை பார்த்துட்டு, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கிற எங்க குப்பத்துக்குப் போனேன். அப்பா கடலை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. சித்தப்பா இன்னும் போறார். 28 அடி ஃபைபர் போட், கூட ரெண்டு பேர். நான் போன அன்னைக்கு போட் மணல்லயே கிடந்தது. 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு மோட்டார், கரைக்கு வரும்போது அலை நடுவுல நின்னுடுச்சாம். போட் குறுக்கே திரும்பிடுச்சு. வலை போச்சு, ஆள் தப்பிச்சது பெரிய விஷயம்.

"புதுசு எதை வாங்கலாம், பார்த்துச் சொல்லு தம்பி"ன்னார்.

நான் என்ன பண்ணுவேன்? எக்செல் ஷீட் போட்டேன். டூ ஸ்ட்ரோக்னா எடை கம்மி, ஆனா எண்ணெய் கலந்து ஊத்தணும், எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடவே வெளியே போயிடும். ஃபோர் ஸ்ட்ரோக்னா எரிபொருள் மிச்சம், எடை கூடுதல். "15 குதிரைத்திறன் போடலாமா சித்தப்பா?"ன்னும் கேட்டேன். சிரிச்சார். குதிரைத்திறன் ஒன்றரை மடங்கு ஆனா வேகமும் ஒன்றரை மடங்கு ஆகாது; பெட்ரோல் செலவுதான் ஏறும்.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "பழசு ஏன் நின்னுச்சுன்னு பார்த்தியா?"

பார்க்கலை. ஆபீஸ்ல சர்வர் விழுந்தா முதல்ல காரணம் தேடுற நான், இங்கே நேரா ஷாப்பிங் போயிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் மோட்டாரின் அடிப்பாகத்தைப் பிரிச்சார். உள்ளே இம்பெல்லர்னு ஒரு குட்டி ரப்பர் சக்கரம் இருக்கும். கடல் தண்ணியை உறிஞ்சி மேலே அனுப்பி என்ஜினைக் குளிர வைக்கிறது அதுதான். அதோட இதழ்கள் தேஞ்சு போயிருந்தன. காரணம் மணல்.

இங்கே துறைமுகம் கிடையாது. மணல்ல இருந்து நேரா அலைக்குள்ள தள்ளணும், திரும்பி அலை மேலேயே ஏறி வரணும். ரெண்டு தடவையும் ஆழமில்லாத இடத்தில் மோட்டார் தண்ணியோட மணலையும் உறிஞ்சுது. தண்ணி வரத்து குறைஞ்சு, சூடு ஏறி, பிஸ்டன் இறுகிடுச்சு. அதே மாதிரி புது மோட்டார் வாங்கினா அதே மணல்தான் அதுக்குள்ளயும் போகும்.

அதனால பட்டியலில் நான் சேர்க்கவே சேர்க்காத ஒண்ணு ஜெயிச்சது: லாங் டெயில் டீசல் என்ஜின். 2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் போட்டுகள் பெருகின இந்தக் கரையில் நிறைய பேர் வெச்சிருக்கிறது இதைத்தான். என்ஜின் மேலே இருக்கும், நீளமான தண்டோட நுனியில் புரொப்பெல்லர். காத்துலயே குளிரும், அதனால மணலை உறிஞ்சுற வேலையே இல்லை. கைப்பிடியைக் கீழே அழுத்தினா, ஓடிட்டு இருக்கும்போதே புரொப்பெல்லர் தண்ணிக்கு மேலே வந்துடும். கெட்டா பிரிச்சு மாட்ட குப்பத்துலயே ஆள் உண்டு.

குறையும் உண்டு. சத்தம், அதிர்வு, எடை. வேகமும் கம்மி.

அவுட்போர்டேதான் வேணும்னா மூணு விஷயம். வாங்குறதுக்கு முன்னாடி போட்டோட பின்பலகை உயரத்தை அளங்க; 15 அங்குலமா 20 அங்குலமான்னு தெரியாம தண்டு நீளத்தை முடிவு பண்ணாதீங்க. கடலுக்குப் போயிட்டு வந்ததும் நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்க. ஓடும்போது பக்கவாட்டில் பீச்சுற தண்ணி மெலிஞ்சா உடனே நிறுத்திப் பாருங்க. சித்தப்பாவோட மோட்டார்லயும் அது ஒரு மாசமா மெலிஞ்சுதான் இருந்ததாம். யாரும் கண்டுக்கலை.

நேத்து போன் பண்ணேன். "காது அடைக்குதுடா, கை மரத்துப் போகுது"ன்னு ஒரே புலம்பல். "அலையில நின்னுச்சா?"ன்னு கேட்டேன்.

"ஒரு நாள்கூட இல்லை."