தன்கதையிலிருந்து ஆசிரியத்துவத்துக்கு
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இக்கல்லூரியில் படித்து, இன்று கனடாவில் ஆசிரியர்களைப் பயிற்றும் நாங்கள் இருவரும், எங்கள் வகுப்பில் கையாளும் ஒரு முறையைப் பற்றிப் பேச வந்துள்ளோம்.

1970களில் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் ஐவர் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக வழக்காடினர். அங்கு பெண்கள் வேலை பெற்றிருந்தனர். ஆனால் 1964க்கு முன் அவர்கள் வெள்ளையினப் பெண்களே. இனத்தையும் பாலையும் சேர்த்து ஒரே முறைப்பாடாக ஏற்க 1976இல் நீதிமன்றம் மறுத்தது. அந்த ஐவரும் இரண்டு பாதைகள் சந்திக்கும் சந்தியில் நின்றார்கள் என்பதை 1989இல் கிம்பர்லே கிறென்ஷோ எடுத்துக் காட்டினார். 1991இல் பற்றீசியா வில்லியம்ஸ், அடிமையாக விற்கப்பட்ட தம் மூதாயின் கதையோடு சேர்த்தே சட்டத்தை எழுதினார். விமர்சன இனப் பெண்ணியம் இவ்வாறுதான் தன்கதையைச் சான்றாக ஏற்றது.

எங்கள் ஆசிரிய மாணவர்கள் முதல் வாரத்தில் இரண்டு பக்கம் எழுதுவார்கள்: பள்ளிக்கூடத்தில் உங்கள் பெயரை யார், எப்படி அழைத்தார்கள்? பின்னர் அதையே கேள்விகளோடு வாசிப்போம். அங்கே பேசியவர் யார்? மௌனமாக இருந்தவர் யார்? அதற்கு இடம்கொடுத்த விதி எது? “எனக்கு ஒன்றும் நடக்கவில்லை” என்று எழுதும் வெள்ளையின மாணவியும், ஏன் நடக்கவில்லை என்று எழுத வேண்டும். எழுதியதை உரத்து வாசிக்குமாறு எவரையும் வற்புறுத்துவதில்லை. ஒருத்தியின் காயம் மற்றவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆகிவிடக்கூடாது. கண்ணீரோடு நின்றுவிட்டால் அது ஆசிரியர் கல்வியும் அல்ல. நாளை இடாப்பு வாசிக்கும்போது ஒரு பிள்ளையின் பெயரை அவளிடமே கேட்டுச் சரியாகச் சொல்வதில்தான் அது முடிய வேண்டும்.

சகோதரிகளே, இக்கேள்விகள் கடல்கடந்த வகுப்பறைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. சாதியும் வறுமையும் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தின. பெண்ணென்றும் தமிழரென்றும் புறந்தள்ளப்பட்டதை நாம் அறிவோம். நம் பக்கத்து வாங்கில் இருக்க இயலாது போனவள் யார் என்பதையும் நம் நினைவுகள் சொல்லட்டும்.

எந்த நாட்டில் இருந்தாலும் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள். நாளை இங்கு கற்பிக்க வரும் இளம் ஆசிரியைக்கு அவை உதவும்.