அறம் பிழைத்த மன்றம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை அறியாதார் இவ்வவையில் இலர். தீர்ப்புப் பிழைபட்டது என உணர்ந்த அக்கணமே பாண்டியன் தன் குற்றத்தைத் தானே உரைத்து, அரியணையிலேயே வீழ்ந்து உயிர் துறந்தான். காப்பியத்தில் பிழையும் அதன் ஒப்புதலும் ஒரே காட்சியில் நிகழ்ந்துவிடுகின்றன. வரலாறு அத்துணை விரைந்து நடப்பதில்லை. அறம் பிழைத்த மன்றம் இடியாமல் நின்று, காலப்போக்கில் அதன் சுவரும் கூரையும் சிதையத் தொடங்கினால், அதனைச் செப்பனிடப் பொருள் தருவார் யார்? எதன்பொருட்டுத் தருவர்? அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள சம்னர் என்னும் சிற்றூர் இவ்வினாவிற்கு அளித்த விடையே இவ்வுரையின் பொருளாகும்.

சம்னர் சில நூறு மக்களே வாழும் ஊர். பருத்தி வயல்கள் சூழ்ந்தது. டாலஹாச்சி மாவட்டத்திற்குத் தலைநகர்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று இவ்வூர். ஊரின் நடுவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பெற்ற நீதிமன்றம் நிற்கின்றது. 1955ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இம்மன்றத்தை உலகமே உற்று நோக்கியது.

சிகாகோ நகரிலிருந்து உறவினரைக் காண வந்திருந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கடத்திக் கொல்லப்பட்டான். வெள்ளையினப் பெண்ணொருத்தியிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்பது அவன்மீது சுமத்தப்பட்ட பழி. மூன்று நாள்களுக்குப் பின் அவன் உடல் டாலஹாச்சி ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. தாய் மேமி டில், மகனின் சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் எனப் பேழையை மூடாமலே இறுதிச் சடங்கை நடத்தினார். பின்னர் சம்னர் மன்றத்திற்கும் வந்து, ஆற்றில் கிடைத்த உடல் தன் மகனுடையதே எனச் சான்று பகர்ந்தார். சிறுவனின் உறவினரான மோஸ் ரைட் என்னும் முதியவர், தம் வீட்டினின்று சிறுவனை இழுத்துச் சென்றோரை நிறைந்த அவையில் எழுந்து நின்று சுட்டிக் காட்டினார். கறுப்பினத்தார் ஒருவர் வெள்ளையர்க்கு எதிராக அவ்வாறு சான்றுரைப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்த காலம் அது.

ஆயினும் நடுவர் குழுவில் அமர்ந்த பன்னிருவரும் வெள்ளையின ஆடவர். வாக்காளர் பட்டியலிலிருந்தே நடுவர்கள் தெரிவு செய்யப்பட்டனர்; அப்பட்டியலிலோ கறுப்பினத்தார் ஒருவரும் இலர். 67 நிமிடங்களில் குழு முடிவுக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலை பெற்றனர். சில திங்களில், 1956ஆம் ஆண்டு சனவரியில், கொன்றது தாங்களே என அவ்விருவரும் இதழொன்றில் பொருள் பெற்றுக்கொண்டு ஒப்புக்கொண்டனர். ஒரு குற்றத்திற்காக ஒருவரை இருமுறை விசாரித்தல் கூடாது என்னும் சட்டமே அவர்களுக்குக் காப்பாயிற்று.

அதன்பின் சம்னர் ஐம்பதாண்டுகள் வாய் திறவாதிருந்தது. 1970களில் நீதிமன்றத்தின் உட்புறம் மாற்றியமைக்கப்பட்டது. வழக்கு நடந்த கூடம் தன் பழைய தோற்றத்தை இழந்தது. மக்களின் மௌனத்திற்கு மரவேலையும் துணை நின்றது எனலாம்.

புத்தாயிரமாண்டு பிறந்தபோது கட்டடம் நலிந்திருந்தது. மாவட்டமோ வறுமை மிக்கது. மாவட்ட ஆட்சிக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவராக விளங்கிய ஜெரோம் லிட்டில் என்பாரின் முயற்சியால், 2006ஆம் ஆண்டளவில் எம்மெட் டில் நினைவுக் குழு தோன்றியது. கறுப்பினத்தாரும் வெள்ளையரும் அதில் ஒருங்கே இடம்பெற்றனர். அவர்களின் நோக்கங்கள் ஒன்றாயிருந்தில. சிறுவனின் நினைவு நிலைபெற வேண்டும் என்பது சிலர் வேட்கை. நீதிமன்றம் மூடப்பட்டால் ஊரின் வாழ்வே குன்றும் என்பது வேறு சிலர் கவலை. கூரைக்காகக் கூடியோரும் நினைவுக்காகக் கூடியோரும் ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்ந்தனர்.

அறிஞர் பெருமக்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நல்கை வேண்டி விண்ணப்பம் எழுதுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை கூறியாதல் வேண்டும். இக்கட்டடம் ஏன் காக்கப்பட வேண்டும்? காக்கப்பட்டபின் அது யாருக்குப் பயன்படும்? பழமையான நீதிமன்றங்கள் அந்நாட்டில் பலவுள. சம்னர் மன்றத்தின் தனிச்சிறப்பு யாது எனக் கேட்டால், மறைத்துவைத்த உண்மையைக் கூறுவதன்றி வேறு விடையில்லை. பொருள் வேண்டிச் சென்றோர் தம்மையறியாமலே சான்றுக் கூண்டில் ஏறினர்.

2007ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அந்நீதிமன்றத்தின் முன் எம்மெட் டில்லின் உறவினர் முன்னிலையில் மாவட்ட மக்களின் பெயரால் வருத்த உரை படிக்கப்பெற்றது. நீதி பிழைத்தது என்பதை அது வெளிப்படையாக ஏற்றது. உண்மையைக் கூறுவதிலிருந்தே இனங்களுக்கிடையே இணக்கம் தொடங்கும் என்றும் அது மொழிந்தது. பாண்டியனின் ஒப்புதலுக்கு ஒரு கணம் போதுமானதாயிற்று. சம்னருக்கு 52 ஆண்டுகள் வேண்டியிருந்தன. மேமி டில் அவ்வுரையைக் கேட்கவில்லை. அவர் 2003ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

மாநில அரசும் நடுவண் அரசும் வழங்கிய நல்கைகளால் புதுப்பிக்கும் பணி நடைபெற்றது. எந்த ஆண்டின் தோற்றத்தை மீட்பது என்பது இத்தகைய பணிகளில் எழும் முதல் வினா. கட்டடம் எழுந்த நாளின் பொலிவையே பெரும்பாலோர் விரும்புவர். சம்னர் மக்கள் தேர்ந்தது 1955ஆம் ஆண்டினை. ஊருக்குத் தலைகுனிவைத் தந்த நாளின் தோற்றத்தையே அக்கூடம் மீண்டும் பெற்றது. இன்றும் அங்கே வழக்குகள் நடைபெறுகின்றன. எதிரே அமைந்த எம்மெட் டில் விளக்க மையத்தின் வாயிலாக, தொலைவிலிருந்து வருவோரும் உள்ளூர் இளைஞரும் அக்கூடத்தில் அமர்ந்து கடந்ததைப் பேசுகின்றனர். நீதிமன்றம் ஊர்மன்றமும் ஆயிற்று.

எல்லாம் இனிதே முடிந்தது என்று கருதிவிடுதல் கூடாது. சிறுவனின் உடல் கிடைத்ததாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் நினைவுக் குழு நாட்டிய பலகை 2008ஆம் ஆண்டு களவாடப்பட்டது. அதன்பின் வைத்தவை துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு, குண்டு துளைக்காத பலகை ஒன்றை அங்கே நிறுவ நேர்ந்தது. பொருளைத் திரட்டுவது எளிது, மனத்தைத் திருத்துவது அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

2023ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள், சம்னர் நீதிமன்றமும் அவ்வாற்றங்கரையும் சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயமும் தாய், மகன் இருவர் பெயராலும் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பெற்றன. உயிரோடு இருந்திருப்பின் எம்மெட் டில்லுக்கு அன்று 82 வயது நிறைந்திருக்கும்.

பழங்கட்டடம் ஒன்றைக் காக்கப் பொருள் வேண்டுவோர் அதன் அழகையும் தொன்மையையுமே எடுத்துரைப்பது வழக்கம். அக்கட்டடத்தில் யார் அழுதனர், யார் குரல் கேட்கப்படாது போயிற்று என்பதையும் விண்ணப்பத்தில் எழுதலாம் என்று ஒரு சிற்றூர் காட்டியிருக்கின்றது. எழுதியதனாலேயே அதன் கூரையும் நின்றது.