‘இன்னும் எதுவும் மாறலை’

இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம். ஆனா எங்க டீம்ல ஒரு தம்பியோட தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

ரிலீஸுக்கு முன்னாடி வெர்ஷன் நம்பரை ஏத்தணும் இல்லையா? அந்த நம்பர் நாலஞ்சு ஃபைல்ல இருக்கும், கையால மாத்தினா ஒண்ணு விட்டுப்போகும். அதுக்காக நானே ஒரு டூல் எழுதினேன். ஃபைல்களை மாத்தும், கமிட் போடும், டேக் போட்டு புஷ் பண்ணும். டேக் போனதும் பேக்கேஜ் தானாவே பைபிஐ-ல பப்ளிஷ் ஆகிடும். முன்னாடியே பார்த்துக்க டிரை ரன்னும் உண்டு.

புதுசா சேர்ந்த தம்பி பழகிப் பார்த்தான். பேட்ச், டிரை ரன். மைனர், டிரை ரன். மேஜர் போடும்போது டிரை ரன் ஃப்ளாக் விட்டுப்போச்சு. அவனுக்குத் தெரியவே இல்லை. ஏன்னா, ரெண்டுலயும் திரையில வந்தது ஒரே மாதிரி வரிகள்: ‘கமிட் போடப்படுகிறது, டேக் போடப்படுகிறது.’

2.0.0 வெளிய போயிடுச்சு. உடனே யாங்க் பண்ணோம். அதாவது, அந்த நம்பரையே குறிப்பிட்டுக் கேட்டாத்தான் பிப் அதை எடுக்கும். ஆனா பைபிஐ-ல ஒருதடவை ஏத்தின ஃபைல் பேரை, அழிச்சாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. எங்க 2.0.0 அன்னைக்கே வீணாப் போச்சு. "அண்ணா, சாரி, டிரை ரன்னுதான் நெனச்சேன்"னு அவன் சொன்னான். தப்பு அவனோடது இல்ல. முன்னோட்டத்தை எனக்குப் புரியற மாதிரி எழுதினது நான்.

அப்புறம் நாலு மாற்றம் பண்ணேன்.

ஒண்ணு, முதல் வரியிலயும் கடைசி வரியிலயும் ‘முன்னோட்டம் மட்டும், எதுவும் மாறவில்லை’. டெர்மினல்ல நம்ம கண்ணு நிக்கிறது கடைசி வரியிலதான். டெர்ராஃபார்ம் பிளான்கூட எத்தனை சேரும், எத்தனை மாறும், எத்தனை அழியும்னு கடைசியிலதான் சுருக்கமா சொல்லும்.

ரெண்டு, காலம். முன்னோட்டத்துல ‘டேக் போடப்படும்’. நிஜத்துல ‘டேக் போடப்பட்டது’.

மூணு, பழைய நம்பரும் புது நம்பரும் பக்கத்துல பக்கத்துல. 1.9.0-க்கு அடுத்த மைனர் 1.10.0. தசமப் புள்ளின்னு நெனச்சுப் படிக்கிறவங்களுக்கு நம்பர் குறைஞ்ச மாதிரி தெரியும். அதனால ‘9-க்கு அடுத்து 10’னு ஒரு குறிப்பு.

நாலு, திரும்பப் பெற முடியாத படியைத் தனியா காட்டறது: ‘இதுக்கப்புறம் பைபிஐ-ல பப்ளிஷ் ஆகும்.’

பம்ப்-மை-வெர்ஷன் டூல்ல ஷோ-பம்ப்னு ஒரு கமாண்ட் இருக்கு. மேஜர், மைனர், பேட்ச் ஒவ்வொண்ணும் எந்த நம்பருக்குப் போகும்னு கிளை கிளையா வரைஞ்சு காட்டும். புதுசா வர்றவங்களுக்கு அதுதான் முதல் கேள்வியே.

மாத்தின அவுட்புட்டை முதல்ல அந்தத் தம்பிகிட்டதான் காட்டினேன். "இப்ப ஏதாவது மாறிடுச்சா?"ன்னு கேட்டேன். யோசிக்காம "இல்லண்ணா"ன்னான். அது போதும்.

உங்க டூலையும் புதுசா வந்த ஒருத்தர்கிட்ட காட்டி இதே கேள்வியைக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.