பித்தப்பை போச்சு, கொழுப்பு போகல

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சங்கக் கூட்டத்துல வரவு செலவு படிக்கிறதோட சரி, மேடையில பேசி எனக்குப் பழக்கமில்ல. ஆனா நான் செஞ்ச ஒரு தப்பை நீங்க யாரும் செய்யக் கூடாதுன்னுதான் வந்து நிக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ராத்திரியில வலது விலாவுக்குக் கீழ வலி வரும். முதுகுக்கும் தோள்பட்டைக்கும் ஏறும். வாந்தி வரும். வாயுன்னு நெனச்சு, சோடா குடிச்சே எட்டு மாசம் ஓட்டினேன். ஒரு நாள் கண்ணு மஞ்சளாயிடுச்சு. ஸ்கேன் எடுத்தா பித்தப்பையில கல்லு. அதுல ஒண்ணு நழுவிப் பித்தக் குழாயை அடைச்சிருக்கு. முகத்துவாரத்தை மண்ணு மூடினா ஏரி என்ன ஆகும்னு நமக்குத் தெரியுமே, அந்தக் கதைதான்.

பையை எடுத்துட்டா உயிரோட இருக்க முடியுமான்னு அழுதேன். 1882-லேயே ஜெர்மனியில லாங்கன்பூக்னு ஒரு டாக்டர் இந்த ஆபரேஷனைச் செஞ்சிட்டாராம். பித்தத்தைச் சுரக்கிறது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கிற தொட்டி மட்டும்தான். தொட்டி இல்லன்னா பித்தம் நேரா குடலுக்குப் போயிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவுச்சு. போக வர செலவுக்குச் சங்கத்துல உள்கடன் வாங்கினேன். நல்லபடியா வீட்டுக்கு வந்தேன்.

தப்பு அதுக்கப்புறம்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தத்துல கொலஸ்ட்ரால் 262 இருந்துச்சு. 200-க்குள்ள இருக்கணும்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. நான் என்ன நெனச்சேன்? கல்லே கொழுப்புதானே, பையோட அதுவும் போயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திட்டேன். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா 258! எங்கம்மா 52 வயசுல மாரடைப்புல போனவங்க. அந்தச் சீட்டைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு.

டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. ரத்தத்துல இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் செய்யறது கல்லீரல். பித்தத்துல கொலஸ்ட்ரால் அளவுக்கு மிஞ்சினா, உப்பளத்துல தண்ணி சுண்டி உப்பு பூக்கிற மாதிரி பைக்குள்ள கல்லாகும். எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல்லும் இல்ல. நம்ம தென்னிந்தியாவுல பித்த நிறமியால உண்டாகிற கறுப்புக் கல்லும் நிறைய. அதனால கல்லு இருக்கிறவங்களுக்கெல்லாம் ரத்தத்துல கொழுப்பு கூடியிருக்கும்னும் சொல்ல முடியாது. பையை எடுத்தப்புறம் கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைஞ்சதா சில ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க, சிலதுல மாற்றமே இல்ல. அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது. ஆபரேஷன் கல்லுக்கு வைத்தியம். கொழுப்புக்கு வைத்தியம் வேற.

அதனால உங்ககிட்ட நாலு விஷயம் கேட்டுக்கறேன்.

ஒண்ணு, நம்ம பொம்பளைங்களுக்குத்தான் இந்தக் கல்லு அதிகம். சாப்பிட்டப்புறம் வலது பக்கம் வலி திரும்பத் திரும்ப வந்தா ஸ்கேன் எடுங்க. கூடவே காய்ச்சலோ மஞ்சள் கண்ணோ இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ரெண்டு, கல்லு இருந்தும் வலியே இல்லன்னா பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

மூணு, விடிகாலையில ஏலத்துக்குப் போற நாம மத்தியானம் வரைக்கும் பட்டினி கிடக்க வேணாம். வயிறு காஞ்சா பித்தம் பைக்குள்ளயே தேங்கும். ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டுக் கூடையைத் தூக்குங்க.

நாலு, பையை எடுத்தவங்களும் ரத்தப் பரிசோதனையை விடாதீங்க. டாக்டர் சொல்லாம மாத்திரையை நிறுத்தாதீங்க.

நான் இப்ப மறுபடியும் மாத்திரை சாப்பிடறேன். போன தடவை 190. எங்க சங்கத்துல சேமிப்புப் பணம் வாங்கும்போதே, “மாத்திரை சாப்பிடறியாடி?”ன்னு ஒரு வார்த்தை கேட்டுடறோம். கடன் தவணை தவறினா வீடு தேடி வர்ற நாம, மாத்திரை தவறினாலும் தேடி வரணும்.