கருப்பு வெள்ளைச் சிலைடுகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நிழற்படக் கலையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தனர். பரந்த அத்துறையில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உற்பத்தி நின்றுபோன கருப்பு வெள்ளைச் சிலைடுச் சுருளில் படம் எடுப்பதும் அதனைக் கழுவுவதுமே அது. கடையில் கிடைக்காத பொருளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஆலை மூடப்பட்டால் அதனோடு ஒரு கலையும் மூடப்பட்டுவிடுமா என்னும் வினா இதில் அடங்கியிருக்கிறது.

சாதாரணச் சுருளில் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் பதிகின்றன. அந்த நெகடிவிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிலைடு அத்தகையதன்று. காமிராவினுள் எந்தச் சுருள் காட்சியின் ஒளியை ஏற்றதோ, அச்சுருளே பின்னர்த் திரையில் ஒளி வீசுகிறது. அஃதொன்றே மூலம், அதற்குப் பின்னால் வேறு நெகடிவ் இல்லை.

இவ்வகையில் பெயர் பெற்றது ஆக்பாவின் 'ஸ்காலா 200'. அதனைக் கழுவுவதற்கென்று குறிப்பிட்ட சில கூடங்களே இருந்தன. 2005-இல் ஆக்பா போட்டோ நிறுவனம் நொடித்தது. ஸ்காலாவின் உற்பத்தியும் நின்றது. பின்னாளில் ஆடாக்ஸ் நிறுவனம் ஸ்காலா என்ற பெயரிலேயே வேறு சுருள்களை வெளியிட்டது. நம் உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்னும் பெயரால் கருப்பு வெள்ளைச் சுருள்களை அளித்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இன்று இயங்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். 1935-இல் வெளிவந்த கோடாக்குரோம் வண்ணச் சுருளில் வண்ணங்கள் கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன. சிக்கலான அம்முறை பெருங்கூடங்களுக்கே உரியது. 2009-இல் உற்பத்தி நின்றது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் நகரில் எஞ்சியிருந்த கடைசிக் கூடம், 2010 டிசம்பர் 30 வரை வந்த சுருள்களோடு அப்பணியை முடித்துக்கொண்டது. கருப்பு வெள்ளைச் சிலைடுக்கு அந்தக் கதி நேர வேண்டியதில்லை. அதன் உயிர் வெள்ளி உப்பு. அதன் வேதியியலை அறிந்தவர் வீட்டிலேயே அதனைக் கழுவலாம்.

கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வீரியமிக்க டெவலப்பரில் இட்டால் நெகடிவ் உருவம் தோன்றும். அப்போது ஹைப்போவில் இடலாகாது. கருக்காமல் எஞ்சியுள்ள வெள்ளி உப்பே நமக்கு வேண்டிய படம். ஹைப்போ அதனைக் கரைத்துவிடும். அடுத்து, நீர்த்த கந்தக அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த கரைசல், கருத்த வெள்ளியை மட்டும் கரைத்து நீக்குகிறது. அதனால் ஏற்படும் பழுப்புக் கறையைச் சோடியம் மெட்டாபைசல்பைட்டுக் கரைசல் போக்கும். பின்னர்ச் சுருளை விளக்கொளியில் நன்கு காட்டி, இரண்டாம் முறை டெவலப்பரில் இட்டால் எஞ்சிய உப்பு கருத்து, காட்சி உள்ளபடியே தோன்றும். இறுதியில் ஹைப்போவும் நீரும்.

எச்சரிக்கைகளும் உண்டு. அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். பெர்மாங்கனேட்டுக்கு மாற்றாகச் சிலர் கையாளும் பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு; வீட்டுக்கு அது ஆகாது. பெர்மாங்கனேட் சுருளின் மேற்பூச்சை இளகச் செய்யும். ஆகவே விரல் நகம் படாமல் கையாள வேண்டும். கரைசல்கள் 20 பாகை வெப்பத்தில் இருத்தல் நன்று. இந்நாட்டுக் கோடையில் குழாய்நீர் அதனினும் மிகச் சூடாக இருப்பதால், பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி இடுவது அவசியமாகிறது.

படம் எடுப்பதிலும் சிலைடு மன்னிக்காது. ஒளி மிகுந்தால் வெண்பகுதிகள் விவரமின்றி வெளிறும். குறைந்தால் முழுவதும் இருளும். பழஞ்சுருளிலோ உணர்வும் குறைந்திருக்கும். காலத்தால் ஏறிய புகைமூட்டம் கருமையின் ஆழத்தையும் கெடுக்கும். ஆதலால் ஒரு சிறு துண்டை முதலில் எடுத்துக் கழுவிப் பார்த்து, ஒளியளவை முடிவு செய்துகொண்ட பின்னரே எஞ்சியதைப் பயன்படுத்த வேண்டும்.

அன்பர்களே! ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. இருக்கும் சுருள்களோ எண்ணிக்கையில் அடங்கியவை. அவற்றை வெறும் வேடிக்கைக்குச் செலவிடாமல், பிறந்த மண்ணை விட்டு வந்து இந்நகரில் நம் மொழியைப் பேணிய முதியவர்களின் முகங்களுக்குச் செலவிடுவோம். உங்கள் இல்லப் பெட்டிகளில் பழைய சிலைடுகள் இருப்பின், பிரதிதானே என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள்; அவையே மூலம். ஈரம் படாத இடத்தில் வைத்து, படத்தில் இருப்பவர் யார், ஊர் எது, ஆண்டு எது என்பதைச் சட்டத்தின் மீது எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் இன்று நம்மிடையே இருக்கிறார்; நாளையும் இருப்பார் என்று உறுதி கூற இயலாது.

ஆலையைத் திறப்பது நம் கையில் இல்லை. கழுவும் கையைப் பழக்குவது நம் கையில் இருக்கிறது. இளைஞர் இருவர் முன்வந்து இதனைக் கற்றுக்கொண்டால் கலை ஒரு தலைமுறை நீடிக்கும்.