ஆகாய பயம்



பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் நான். விமானம் எப்படிப் பறக்கிறது என்று தெரியும். ஆனாலும் 70 வயது வரை ஏறவில்லை, பயம்.

அண்ணா காலமானபோது டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில்தான் போனேன். சுமார் 33 மணி நேரம். தகனம் முடிந்துவிட்டது, முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

வருஷாப்திகத்துக்கு விமானத்தில் போனேன். இறக்கையை ஒட்டிய ஸீட் கேட்டு வாங்கினேன். அங்கே ஆட்டம் குறைவு. குலுங்கியபோது மூச்சை மெள்ள விட்டு எண்ணினேன். பறக்கையில் எதிர்பார்க்கும் அதிகபட்ச பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கும்படி இறக்கையை அமைக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டேன்.

பயம் போகவில்லை; பயத்தோடேயே போய்ச் சேர்ந்தேன். பயம் போகட்டும் என்று என்னைப்போல் காத்திருக்காதீர்கள். மனுஷாள் காத்திருக்கமாட்டார்கள்.