சித்திரம் படிக்கும் நம் பிள்ளைகள்
(சிவகாசியில் தொழிலாளர் குடும்பங்களிடையே பேசியது)



“மகன் சித்திரக் கல்லூரிக்குப் போகிறேன் என்கிறான், அது சோறு போடுமா?” என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் சரம் பின்னியும் காசு சேர்த்த வீடு அல்லவா!

ஆனால் சித்திரம் நமக்குப் புதிதா? தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துச் சோறு தின்ற ஊர் இது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டுக் கோவில்பட்டியில் குடியிருந்த கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும், சிவகாசி அச்சகங்களிலிருந்துதான் நாடெங்கும் போனார்கள். அருமையான கைகள்! ஆயினும் அந்தக் காலண்டர்களில் கல்லச்சு ஓட்டியவன் முகம் இல்லை. பெட்டி ஒட்டியவள் முகம் இல்லை. ஓவியர் மீது குற்றமில்லை. வியாபாரி கேட்டது சாமி படம்.

அந்தச் சென்னைப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர். இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. கூலி வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பானையை வரை, துணி மடிப்பை வரை என்கிற வரையில் அவர்களுக்குச் சிரமமில்லை. “உன் மனதிலுள்ளதை வரை” என்று ஆசிரியர் சொல்லும்போதுதான் திண்டாட்டம். மனதில் இருப்பது வீடு. வீட்டைக் காட்ட வெட்கம்!

சொந்தத் துயரம் வேறு, சமூகத் துயரம் வேறு என்று சில மேதாவிகள் பிரிக்கிறார்கள். அலுமினியப் பொடி படிந்து வெள்ளி நிறமாகிப் போன தாயின் கை எந்தக் கணக்கில் சேரும்? 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அதில் மாமனைப் பறிகொடுத்த பிள்ளை தன் மாமனை வரைந்தால் அது சொந்த விஷயமா, ஊர் விஷயமா?

வங்காளத்தில் சோம்நாத் ஹோர் என்ற இளைஞர் இருந்தார். 1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 பஞ்சத்தில் தன் ஜில்லா மக்கள் எலும்புக்கூடாய்ச் சாவதைக் கண்டு வரைந்தார். பிறகு கல்கத்தா ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு வாரக் குடியானவர்கள் எழுந்த தேபாகா போராட்டம் வந்தது. 1946 டிசம்பரில் கட்சி அவரை ரங்பூர் கிராமங்களுக்கு அனுப்பியது. குடியானவர் குடிசைகளில் அவர்களோடு இருந்தார். பகலில் கண்டதைக் கோட்டிலும் நாட்குறிப்பிலும் பதித்தார். வயல் வேலை செய்யும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அவர் வரைந்ததில் பிச்சைக்காரன் இல்லை. கதிர் அறுக்கிறவன், கூட்டத்தில் பேசுகிறவன், காவல் நிற்கிறவன் இருந்தான்.

ஆண்டுகள் பல கழிந்து, 1970களில், அதே மனிதர் வெள்ளைக் காகிதக் கூழில் வெள்ளையாகவே படங்கள் செய்தார். வர்ணமே கிடையாது. கிழிசலும் வெட்டும் மாத்திரம். ‘காயங்கள்’ என்று பெயர். பஞ்சத்தில் பார்த்த உடல்கள் அவரை விடவேயில்லை!

கொடியும் முஷ்டியும் வரைந்தால் போதும் என்று நம்மவர்களிலும் சிலர் சொல்வதுண்டு. நமக்கு அது சம்மதமில்லை. சதா அழுகிற முகமாக நம்மைத் தீட்டுவதும் சம்மதமில்லை. சாப்பாட்டு வேளையில் தூக்குவாளியைத் திறந்து பெண்கள் சிரிக்கிறார்களே, அதை யார் வரைவது? அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் நம் வீட்டுப் பிள்ளைதான்.

ஆகவே, பிள்ளை விடுமுறைக்கு வந்து “அம்மா, கொஞ்சம் அசையாமல் உட்கார்” என்றால், “போடா, வேலை கிடக்கிறது” என்று விரட்டாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகவும் வேண்டாம்.

அச்சகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெட்டி ஒதுக்கும் காகிதம் கட்டுக்கட்டாய்க் கழிவில் போகிறது. சொல்லிக் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் வெள்ளையாயிருப்பதைத் தைத்து வையுங்கள். கடையில் ஒரு படத் தாள் என்ன விலை என்று நமக்குத் தெரியும்.